அறுபத்து நான்காம் எண் சட்டை

"ரைட் கார்டுக்கு வேற பேச்சே கிடையாது. கென்னி ஹார்ட்சாக். எழுதிக்க டீக்கன்," என்றார் வென்டெல்.

"எழுதுறேன்யா. ஒரு கையில ஊசி குத்தியிருக்கு, இன்னொரு கையில எவ்வளவு வேகமா எழுத முடியும்?" என்றார் டீக்கன் எமிட்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஆறு மணிக்குக் காஸ்வெல் ஊரின் டயாலிசிஸ் நிலையத்தில் வந்து படுப்பவர்கள் அவர்கள். ஐந்தாம் நாற்காலியில் வென்டெல், எரிவாயு லாரி ஓட்டி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். ஏழாம் நாற்காலியில் எமிட், பள்ளிப் பேருந்து ஓட்டிய கறுப்பர், மவுண்ட் நெபோ தேவாலயத்தில் டீக்கன் எனப்படும் மூப்பர். இருவருக்கும் நடுவில் ஹோசியா பெட்வே, அவரும் கறுப்பர், ஒரு காலத்தில் ஊர்க் கல்லூரி அணியில் ஆடியவர். நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். வானிலையும் பிள்ளைகளும் பேசித் தீர்ந்த பிறகு காஸ்வெல் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிய பேச்சுதான் மிஞ்சும், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. அந்த ஆண்டு அணிக்கு நூறு வயது. எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து ரசிகர்கள் பட்டியல் அனுப்பலாம், வெல்கிற பெயர்களை மைதானத்து வாசலில் பொறிப்பார்கள் என்று உள்ளூர் வானொலி அறிவித்திருந்தது. நாற்காலிக்காரர்களின் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும்; பேச்சு சூடானால் டீக்கனின் மடிக்கு வரும். வாரக்கணக்காகச் சண்டை போட்டுப் பாதி நிரப்பியிருந்தார்கள். அன்று ரைட் கார்டின் முறை, பந்தோடு ஓடுகிறவனுக்காக எதிராளிகளைத் தள்ளி வழி திறக்கிற முன்வரிசை ஆள்.

"ஹார்ட்சாக் எதுக்கு?" என்றார் ஹோசியா. அவர் வாயைத் திறப்பதே அபூர்வம்.

"எதுக்கா? எழுபத்தேழாம் வருஷம், மார்லோ காலேஜோட மேட்ச். கோல் கோட்டுக்கு ஒரு கஜம் பாக்கி. டாக்கெட் பந்தை அணைச்சுக்கிட்டுப் பாயுறான். அவனுக்கு முன்னாடி ஹார்ட்சாக் ரெண்டு தடியனுங்களை ஒரே தள்ளுல மல்லாத்துறான். நூறு வருஷத்துல அப்படி ஒரு தள்ளு கிடையாது. அந்த ஒண்ணு போதும். போட்டோ எங்க வீட்டு ஹால்ல தொங்குது. என் கல்யாணப் போட்டோவே அதுக்குக் கீழதான்."

"அதனாலதான் ரெண்டு தடவை கல்யாணம் பண்ண வேண்டியதாப் போச்சு," என்றார் டீக்கன்.

"அது நான்," என்றார் ஹோசியா.

"எது?"

"அந்தப் போட்டோவுல இருக்கிற ஆளு."

வென்டெல் தலையைத் திருப்பி அவரை ஒரு முறை பார்த்தார். "யோவ், நீ ஆடுனப்ப உன் நம்பர் எழுபத்தொண்ணு. எனக்குத் தெரியாதா? போட்டோவுல முதுகு பூரா அறுபத்து நாலுன்னு இருக்கு."

"சட்டை அவனோடது. முதுகு என்னோடது."

"ரோஷெல்! இங்க வாம்மா. இவரு மெஷினை நிறுத்து. ரத்தத்தோட சேர்த்து மூளையையும் உறிஞ்சுது போல."

அறையே சிரித்தது. டீக்கன் மட்டும், "சேத்துல புரண்டா கறுப்பு, வெள்ளை எல்லாம் ஒரே நிறம்தானே," என்று முணுமுணுத்தார். ஆனால் அவரும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவரில்லை. பேனாவை எடுத்து, மடியில் இருந்த பட்டியலில் ஹார்ட்சாக் என்றே எழுதினார்.

ரோஷெல் வந்து ஹோசியாவின் இரத்த அழுத்தத்தைக் குறித்தாள். நூற்றெழுபத்தெட்டு. அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த நிலையத்தில் ஊசி போட்டு இயந்திரத்தைக் கவனிக்கும் வேலைக்கு அவள் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது இருபத்தேழு. கால்பந்து பார்க்க மாட்டாள். காஸ்வெல்லில் அதை வெளியே சொல்வது ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதில்லை என்று சொல்வதைவிட மோசம் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. அவளாக யாரையும் கேள்வி கேட்கிற பழக்கமும் கிடையாது. அடுத்த புதன்கிழமை ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றபோது மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "மிஸ்டர் ஹோசியா, அன்னைக்குச் சொன்னது நிஜமா?"

இரத்தம் நிற்கப் பத்து நிமிடம் ஆகும். பத்துப் பத்து நிமிடமாக, ஒரு மாதத்தில், அவர் சொல்லி முடித்தார்.

ஹோசியா பிறந்தது காஸ்வெல்லுக்குத் தெற்கே பன்னிரண்டு மைலில், பருத்திக் காட்டு ஓரத்தில். அம்மா கல்லூரி விடுதியில் துணி துவைத்தவள். அவள் துவைத்த படுக்கை விரிப்பில் மகன் படுப்பான் என்று அவளுக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். எழுபத்து நான்கில் அணியில் சேர்ந்தபோது கறுப்பர்கள் ஏழு பேர். "பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறவன் ஒருத்தன், கண்ணு. அவனுக்கு வழி திறந்து விடுறவங்க அஞ்சு பேர். ஓடுறவன் பேரைச் சனங்க கத்தும். எங்க பேரை ரேடியோவுல சொன்னாங்கன்னா நாங்க ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு அர்த்தம்," என்றார் ஹோசியா.

அந்த மார்லோ ஆட்டத்தன்று விடாத மழை. முதல் பாதியில் ஹார்ட்சாக்கின் கணுக்கால் பிசகியது. ஹோசியா அவன் இடத்தில் இறங்கினான். மூன்றாம் கால்பகுதியில் எதிராளி பிடித்து இழுத்ததில் ஹோசியாவின் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து தொங்கியது. அந்தக் காலத்துச் சட்டைகள் அப்படித்தான், இழுத்தால் கையோடு வரும். மாற்றுச் சட்டைகள் எல்லாம் முன்பே தீர்ந்துவிட்டன. சாமான் பொறுப்பாளர், பெஞ்சில் கோட்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த ஹார்ட்சாக்கின் சட்டையைக் கழற்றி ஹோசியாவின் தலை வழியாக மாட்டிவிட்டார். எண் அறுபத்து நான்கு. அந்தத் தள்ளு அதற்குப் பிறகுதான். அறிவிப்பாளரின் கையில் இருந்தது அச்சடித்த ஆட்டத்தாள். அறுபத்து நான்கு என்றால் ஹார்ட்சாக். மறுநாள் செய்தித்தாளும் அதையே போட்டது.

"நீங்க சொல்லலையா?"

"கோச்கிட்டச் சொன்னேன். ஜெயிச்சோம்ல, அப்புறம் என்னடான்னாரு. கென்னிகிட்டச் சொன்னேன். பேப்பர்காரங்ககிட்ட நானே பேசுறேன்னான். நல்லவன்தான். அடுத்த வாரம் பேசுறேன்னான். அதுக்கடுத்த வாரமும் சொன்னான்."

ஹார்ட்சாக் அந்தப் புகைப்படத்தைத் தன் காப்பீட்டு அலுவலகத்தில் மாட்டி நாற்பது ஆண்டு வியாபாரம் செய்தார். இறந்தபோது அதைப் பெரிதாக்கிச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஹோசியா போயிருந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் தன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரி முடிந்ததும் காகித ஆலை. முப்பத்தொரு வருடம். முழங்கால் இரண்டும் கால்பந்து ஆடிய நாளிலேயே போய்விட்டன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அணி மருத்துவர் காகிதக் குவளையில் வலி மாத்திரை அள்ளிக் கொடுப்பார். எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. ஆட்டத்தை விட்ட பிறகும் வலி விடவில்லை, அதனால் மாத்திரையும் விடவில்லை. சிறுநீரகம் போனது இரத்த அழுத்தத்தால் என்கிறார்கள் இப்போதைய மருத்துவர்கள். ஹோசியா மறுத்துப் பேசுவதில்லை. "அந்தக் குவளை சின்னதா, அழகா இருக்கும். பொம்மைக் கல்யாணத்துக்கு வைக்கிற மாதிரி," என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

அவர் மனைவி வெர்னாவுக்கு விஷயம் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. அவருக்கு வேண்டியிருந்தது ஊர்தான். உயிரோடு இருக்கும்போதே அந்த வாசலில் தன் பெயரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலைச் சுவரில் ஒட்டிய நாளிலிருந்து உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றும் முன் அதைத்தான் பார்ப்பார்.

"நிரூபிக்க ஒண்ணுமே இல்லையா?" என்று ரோஷெல் கேட்டாள்.

"இருந்துச்சு. மேட்ச் முடிஞ்ச மறுநாள், எங்க அஞ்சு பேரையும் பழக்குற லைன் கோச் மேட்ச் ஃபிலிமைப் போட்டுப் பார்த்து எங்களுக்கெல்லாம் மார்க் போடுவாரு. ஒவ்வொரு தள்ளுக்கும் கூட்டல், கழித்தல். எண்ணைப் பார்த்து இல்ல, ஆளைப் பார்த்து. அவருக்கு எங்க முதுகு அத்துப்படி. இப்ப அதெல்லாம் எங்க இருக்கும்? விடும்மா."

விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. அவளுக்கு விடுமுறையான ஒரு வியாழக்கிழமை கல்லூரி நூலகத்துக்குப் போனாள். லைன் கோச் இறந்த பிறகு அவர் மகள் கொண்டுவந்து கொடுத்த பதினோரு பெட்டிகள் அங்கே இருந்தன. எட்டாவது பெட்டியில், துருப்பிடித்த கவ்வியோடு மார்லோ ஆட்டத்தின் தாள் கிடைத்தது. தட்டச்சு எழுத்து. ஹார்ட்சாக்: இருபத்திரண்டு தள்ளு, பிறகு கணுக்கால், வெளியே. பெட்வே: நாற்பத்தாறு தள்ளு, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண். கடைசியில் பென்சிலில் ஒரு குறிப்பு: கோட்டருகே பெட்வே இரண்டு ஆள், இரட்டைக் கூட்டல், சட்டை மாற்றியிருந்தான்.

அவள் நகல் எடுத்தாள். ஹோசியாவிடம் முதலில் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவர் விடும்மா என்பார். அதனால் வெள்ளிக்கிழமை காலை, மூன்று பேருக்கும் ஊசி குத்தி இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு, நேரே வென்டெலின் கையில் கொடுத்தாள். அன்று மதியம்தான் பட்டியலை வானொலி நிலையத்துக்கு அனுப்பக் கடைசி நேரம்.

வென்டெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவருடைய முகம் சிவந்துவிட்டது.

"ஹோசியா," என்றார். "நாப்பத்தஞ்சு வருஷமா நான் தப்பாச் சொல்லிட்டிருந்திருக்கேன்யா. உன் முகத்துக்கு நேரா உட்கார்ந்துக்கிட்டுச் சொல்லியிருக்கேன். என்னை மன்னிச்சிரு."

"பரவாயில்ல," என்றார் ஹோசியா.

"ரோஷெல், ஹார்ட்சாக்கை அடிச்சிரும்மா."

அவள் சுவருக்குப் போய் அந்தப் பெயரைக் குறுக்கே அடித்தாள். பேனா அடுத்த பெயருக்காகக் காத்திருந்தது.

வென்டெல் தாடையைச் சொறிந்தார். "ஆனா இப்ப ரைட் கார்டைப் புதுசாத்தான் யோசிக்கணும், இல்லையா டீக்கன்?"

"என்ன யோசிக்கணும்?"

"இல்ல, நியாயமாப் பேசுவோம். ஹோசியா, நீ தப்பா எடுத்துக்காத. நீ முதல் அணியில ஆடுனது எவ்வளவு நாள்? கடைசி ஆறு மேட்ச். ஒரே ஒரு தள்ளை வச்சு நூறு வருஷத்துக்கும் சிறந்தவன்னு எப்படிச் சொல்றது?"

"அன்னைக்கு ஒண்ணு போதும்னீங்களே," என்றாள் ரோஷெல். அந்த அறையில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் முறை.

"அன்னைக்கு ஹார்ட்சாக்கைப் பத்திப் பேசுனோம்மா. அவன் மூணு வருஷம் ஆடுனவன். அதோட இதையும் சேர்த்துப் பார்த்தோம்."

அவள் டீக்கனைப் பார்த்தாள். எமிட் தன் கையில் ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வலிக்காமல் ஊசி குத்த நினைப்பவரைப்போல மெல்லச் சொன்னார்: "ப்ரதர் ஹோசியா, நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு டெரெல் ஓக்ஸ்தான். நாலு வருஷம் ஆடினான், அப்புறம் பெரிய லீகுக்கும் போனான். அவனும் நம்ம சனத்துப் பையன்தான்."

"ஓக்ஸ்! அதைச் சொல்லு," என்றார் வென்டெல். நிம்மதி அடைந்தவர்போல இருந்தார். "ஓக்ஸ்னா யாரும் வாய் திறக்க முடியாது. என்ன ஹோசியா?"

"ஓக்ஸ் நல்ல ஆட்டக்காரன்," என்றார் ஹோசியா.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் ரோஷெல்லுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஓக்ஸ் என்று அவளே எழுத வேண்டியிருந்தது. எழுதினாள். அதன் பிறகு அவர்கள் பந்தை உதைக்கிறவன் யார் என்பதற்குப் போய்விட்டார்கள். ஹோசியாவின் இரத்த அழுத்தம் அன்று முழுவதும் ஏறவில்லை. இறங்கிக்கொண்டே போனது. கால்களை உயர்த்தி வைத்து, உப்புநீர் ஏற்றித்தான் அவரை நிலைக்குக் கொண்டுவந்தாள்.

பத்தரை மணிக்கு வென்டெலும் எமிட்டும் போய்விட்டார்கள். ஹோசியாவுக்கு மட்டும் இரத்தம் நிற்க நேரமானது. அவள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான். உங்களைக் கேட்டிருக்கணும்," என்றாள்.

"உன் மேல கோபமில்ல, கண்ணு." அவர் சுவரில் அடிபட்டிருந்த பெயரைப் பார்த்தார். "அவன் பேர்ல இருந்தப்பவாவது அந்தத் தள்ளு இருந்துச்சு. மழையில நிக்கிறவங்ககூட அந்த வாசல்ல பேரைப் படிச்சுட்டு அதைப் பத்திப் பேசிருப்பாங்க. இப்ப அதுவும் இல்ல."

அவள் பஞ்சை எடுத்துவிட்டுப் பிளாஸ்திரி ஒட்டினாள்.

"அந்தப் பட்டியலை நீதானே ரேடியோவுக்கு எடுத்துட்டுப் போற?"

"ஆமா."

"எனக்கு ஒரு உதவி பண்ணு," என்றார் ஹோசியா. "ஓக்ஸை அடிச்சிட்டு, ஹார்ட்சாக்குன்னே திரும்ப எழுதிரு."