பதினாறு அடி

2005 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம், ஆட்டம் தொடங்குகிற நேரம். வெயில் இறங்காமல் நின்றது. அந்த நேரத்துக்கு வர வேண்டிய கடற்காற்று வரவில்லை. மேற்கிலிருந்து சூடாக ஒரு காற்று வந்துகொண்டிருந்தது. திண்டிவனம் பக்கம் வானத்தில் ஒரே ஒரு கருமேகம். ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். வாழ்நாள் முழுவதும் எண்ணிப் பிழைத்தவன் செய்கிற தப்பு அது. ஒன்று என்றால் சின்னது என்று நினைத்துக்கொள்வோம்.

இது இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், முந்தாநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடை டிவியில் ஏதோ வெளிநாட்டுக் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. பந்து கையில் பட்டது கட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று தகராறு. ஆட்டத்தை நிறுத்தி, படத்தின் மேல் கோடு போட்டு, பெரிதாக்கி, சின்னதாக்கி, நாலு நிமிடம் பதினெட்டு நொடி பார்த்தார்கள். என் டீ ஆறிப்போனது. பக்கத்தில் இருந்தவர், "இம்மாம் மெஷினு வச்சிக்கினு இவ்ளோ நேரமா?" என்றார். நான் என் வலது தொடையைத் தடவிக்கொண்டேன். இந்த விஷயத்தில் அதுவும் ஒரு மெஷின்தான். எப்படி என்று சொல்கிறேன்.

அப்போது நான் மரக்காணத்து உப்பளம் ஒன்றில் மூட்டை எண்ணும் கணக்கர். வயது ஐம்பத்துநாலு. மூட்டைக்கு ஒரு கோடு, ஐந்தாவது மூட்டைக்குக் குறுக்கே ஒரு கோடு. லாரிக்கு இருநூறு மூட்டை. ஏற்றுகிற ஆளும் வாங்குகிற வியாபாரியும் என் கணக்கை மறுபடி பார்த்ததே இல்லை. அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். என் மனைவி வேறு மாதிரி சொல்வாள்.

உப்பளத்துப் பையன்கள் சேர்ந்து ஒரு கால்பந்துக் குழு வைத்திருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு எங்கிருந்தோ வந்த நிவாரண மூட்டை ஒன்றைப் பிரித்தபோது, நீல நிறத்தில் பதினாலு பனியன் இருந்தது. நல்ல துணி. ஆனால் பதினாலின் முதுகிலும் ஒன்பதாம் நம்பர். எங்கள் பதினோரு பேர் இறங்கி வரிசையாக நின்றால் தொண்ணூற்றொன்பது. ஒருத்தன் தப்பு செய்தான் என்று நடுவர் சீட்டில் எழுதினால், யார் என்று அவருக்கே தெரியாது. எங்களுக்கு இருந்த ஒரே பலம் அதுதான்.

எதிரணி கோட்டக்குப்பம். அவர்களிடம் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தோம். வாங்கிய கோல் பதினெட்டு. இதை நான் எண்ணி வைத்திருந்ததை விடக் கவனமாக பஷீர் பாய் எண்ணி வைத்திருந்தார். அவர் எங்களிடம் உப்பு வாங்குகிற வியாபாரி, கோட்டக்குப்பத்துக்காரர், எனக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம். ஒவ்வொரு லாரி ஏறி முடிந்ததும் வெற்றிலையை மடித்தபடி கேட்பார்:

"இன்னா கணக்கரே, மூட்டை எவ்ளோ?"

"இருநூறு பாய்."

"கோலு?"

நான் கணக்கு நோட்டை மூடிவிடுவேன். "பதினெட்டு," என்று அவரே சொல்லிவிட்டுப் போவார். ஒரு லாரி விடாமல். இதைப் படிக்கிற உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எட்டாவது ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும் என்று நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

மைதானம் என்பது கைவிட்ட உப்புப் பாத்திகளை மட்டம் செய்த இடம். காய்ந்தால் சிமெண்டுத் தரை. கோடு போடும் பொறுப்பு என்னுடையது. வழக்கமாகச் சுண்ணாம்புத் தூளில் போடுவோம். அன்று காலை கடை பூட்டியிருந்தது. "உப்பு இருக்கும்போது சுண்ணாம்பு எதுக்குடா?" என்றேன். எல்லோரும் ஆஹா என்றார்கள். இரண்டு கூடை உப்பைக் கொண்டுவந்து, கோல் கம்பத்திலிருந்து பதினாறு அடி எடுத்து வைத்து, பெனால்டிக் கட்டத்தையும் மற்ற கோடுகளையும் போட்டேன். வெயிலில் கண்ணைப் பறித்தது. சுண்ணாம்பில் அந்த வெளுப்பு வராது.

ஒரு தூறல் விழுந்தால் உப்புக்கு என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அங்கே நின்ற இருபத்தாறு பேரும் உப்பில் வேலை செய்கிறவர்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினோம். இருபது. பஷீர் பாய் எனக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், மூடி மறுபடி விரித்தார். எனக்குப் புரியாதா?

இடைவேளையில் அந்த ஒற்றை மேகம் வந்து சேர்ந்தது. பதினொரு நிமிடம் கொட்டித் தீர்த்தது. கோட்டக்குப்பத்து ஆட்கள் டீக்கடைக் கூரைக்குள் ஓடினார்கள். எங்கள் ஆட்டக்காரர்கள் உப்புக் குவியலை மூட ஓலை தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினார்கள். நானும்தான். ஆட்டம் இருக்கிறது என்பதே குவியலை மூடிய பிறகுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்து பார்த்தால், மைதானத்தில் ஒரு கோடு இல்லை.

நடுவர் வெளியூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். ஆறு இருபது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். "கோடு இருக்கறதா நினைச்சு ஆடுங்கப்பா," என்று விசில் ஊதிவிட்டார்.

எங்கள் குமார் சின்ன வயதிலிருந்து பாத்தி வரப்பு மேலேயே ஓடி வளர்ந்தவன். நேராக மட்டும் ஓடுவான், திரும்ப வராது. எப்போதும் கோட்டைத் தாண்டிப் போய் மாட்டுவான். அன்று தாண்டுவதற்குக் கோடு இல்லை. பந்தோடு அவன் டீக்கடைப் பக்கமாகவே போனான். எதிராளிகள் பந்து வெளியே போய்விட்டது என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமார் எங்கோ சுற்றிக்கொண்டு வந்து கோல் போட்டான். அவன் வாழ்க்கையில் திரும்பியது அந்த ஒரு தடவைதான். இரண்டாவது கோலை நாங்கள் போடவே இல்லை. அவர்கள் ஆள் ஒருவன் தேங்கிய தண்ணீரில் வழுக்கி, விழும்போது பந்தைத் தன் கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டான். எங்கள் ஆட்டக்காரர்களுக்கே சந்தோஷப்படலாமா என்று சந்தேகம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாலு நிமிடம் பாக்கி இருக்கும்போது அவர்களில் ஒருவன் கையில் பந்து பட்டது. கட்டத்துக்கு உள்ளே என்றால் பெனால்டி. வெளியே என்றால் வெறும் ஃப்ரீ கிக். கூச்சல். "யோவ், கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?" என்று ஒரு குரல். நடுவர் கை பட்ட இடத்தில் கர்சீப்பை வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

"கோடு போட்டது யாரு?"

"நம்ம கணக்கரு!"

அடிதடி வரும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பஷீர் பாய் குரல் கொடுத்தார். "டேய், சும்மா இருங்கடா. அவரு எண்ணட்டும். அவரு எண்ணுனா சரியா இருக்கும்." கோட்டக்குப்பம் மொத்தமும் அடங்கியது.

மைதான ஓரத்தில் பட்டுப்போன வேலிக்காத்தான் கட்டை ஒன்று நிற்கும். காலையில் நான் போட்ட கோடு அந்தக் கட்டைக்கு நேராகத்தான் முடிந்தது. கர்சீப் கட்டையைத் தாண்டி இரண்டு முழம் வெளியே கிடந்தது. இது எனக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் பந்தைப் பார்க்க வருகிறவர்கள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோல் கம்பத்திலிருந்து புறப்பட்டேன். சத்தமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணில் பொய் சொல்ல என்னால் முடியாது, வாய் வராது. காலுக்கு அந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. ஏழாவது அடியில் தொடையில் என்னவோ சுருக்கென்றது. ஒன்பதாவதில் யாரோ சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எட்டிப் போட்டு, பதினாறு என்று நான் நின்றபோது கர்சீப் எனக்கு இரண்டு முழம் பின்னால் இருந்தது.

பெனால்டியை குமார் அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு, கோல் காப்பவன் முதுகில் பட்டு, யோசித்துப் பார்த்துவிட்டு உள்ளே உருண்டது. மூன்றுக்கு இரண்டு. நடுவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

என்னைத் தோளில் தூக்கினார்கள். வலியில் கத்தினேன், சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று இன்னொரு சுற்று சுற்றினார்கள்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "இன்னாங்க, காலை இழுத்துக்கினு வர்றீங்க? நீங்களா ஆடுனீங்க?"

மூன்றாம் நாள் பஷீர் பாய் என்னைப் பார்க்க வந்தார், கையில் கொய்யாப்பழம் ஆறு. வீடு முழுக்கத் தைல நாற்றம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி ஆச்சு கணக்கரே?"

"அன்னைக்கு அந்தப் பதினாறு அடி நடந்தேன்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். அதற்குள் தாமதமாகிவிட்டது.

"காலையிலயும் பதினாறு அடி நடந்துதானே கோடு போட்டீங்க?"

"ஆமா."

"அப்ப வலிக்கலையா?"

கூரையில் ஓட்டை எண்ணினேன். பிறகு மெதுவாக, "அடி பதினாறுதான் பாய்," என்றேன்.

"பதினாறுதான். நான் இல்லேங்கல. எந்த அடி?"

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பழத்தை வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் லாரி ஏறி முடிந்தது. "இருநூறு பாய்," என்றேன். அவர் கோல் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு லாரி மேல் ஏறி, வரிசை வரிசையாக எண்ணினார். "இன்னைக்கு நானும் ஒருவாட்டி எண்ணிக்கிறேன் கணக்கரே. தப்பா நெனைக்காதீங்க." அரை மணி நேரம் ஆனது. டிரைவர் வெயிட்டிங் காசு கேட்டான். பஷீர் பாய் என்னைப் பார்த்தார். கொடுத்தேன்.

அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடலாம் என்று நானே அவரிடம் சொன்னேன். என் செலவில் சுண்ணாம்பும் வாங்கிப் போட்டேன். பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜெயிச்சத எவனாவது திரும்ப ஆடுவானா?" என்றான் குமார். சுண்ணாம்பு மூட்டை பிரிக்காமலேயே இறுகிக் கல்லாகிவிட்டது.

பதினாலு மாதம், முப்பத்தொரு லாரி, ஒவ்வொன்றிலும் அவர் ஏறி எண்ணினார். ஒரு மூட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பத்திரண்டாவது லாரிக்கு, 2006 ஆகஸ்டில், "எவ்ளோ?" என்றார். "இருநூறு." செருப்பைக் கழற்றவில்லை. "கோலு?" என்றார். "இருபது பாய்," என்று முதல் முறையாக நானே சொன்னேன். டீ குடிக்கப் போய்விட்டார். நானே லாரி மேல் ஏறி இரண்டு தடவை எண்ணினேன்.

இப்போது அந்த மைதானம் மனைப்பிரிவு. மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். எந்த மழைக்கும் கரையாது. வேலிக்காத்தான் கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் நம்பர் பனியன் கடைசியாக ஒன்று குமாரின் மெக்கானிக் கடையில் கை துடைக்கக் கிடந்தது, போன வருஷம் அதுவும் இல்லை. பஷீர் பாய் போய் ஆறு வருஷம் ஆகிறது. லாரியை நிறுக்க இப்போது எடைமேடை வந்துவிட்டது, யாரும் எண்ணுவதில்லை.

தைலம் முப்பத்தெட்டு. கட்டுப் போட்ட வைத்தியர் ஐம்பது. சுண்ணாம்பு தொண்ணூறு. வெயிட்டிங், லாரிக்கு இருபது வீதம் முப்பத்தொன்றுக்கு அறுநூற்றிருபது. ஆக மொத்தம் எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய்.