ஹோமச் சாம்பல் இழுத்த மிஷின்

நல்லசிவத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். கொச்சங்காடியில் சுக்கு, மிளகுக் கோடவுன்களுக்கு நடுவே ஒற்றை ஷட்டர் கடை வைத்து, பழைய வாக்குவம் கிளீனர்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்கிறவர் அவர். மட்டாஞ்சேரியில் பாதி வீடுகளின் அழுக்கு அவர் கை வழியாகப் போயிருக்கிறது. தூசிப் பையைப் பிரித்தால் போதும், அந்த வீட்டில் யாருக்கு முடி கொட்டுகிறது, யார் கட்டிலில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறார்கள் என்று ஜாதகம் கணித்துவிடுவார்.

ஜனங்கள் அந்த மிஷினைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. கவிழ்ந்த மாவை உறிஞ்சவிட்டு மோட்டாருக்குள்ளேயே தோசை வார்த்தவர்கள் உண்டு. ஒரு கோடவுன் கணக்கப்பிள்ளை பை போடாமலே ஓட்டி, முன்னால் இழுத்த சுக்குத்தூளைப் பின்னால் துப்பவைத்து, சந்து முழுக்கத் தும்மவைத்தார். காதில் போன எறும்பை எடுக்கக் குழாயைக் காதில் வைத்துக்கொண்ட புண்ணியவானும் இருக்கிறார். நல்லசிவம் இவர்களையெல்லாம் வாயாரத் திட்டுவார். ஆனால் விற்கிறபோது மட்டும், இது இழுக்காத குப்பை உலகத்திலேயே இல்லை என்பார்.

அவருடைய அம்மா அங்கம்மாள் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டியவள். கடைசிக் காலத்தில் கட்டிலில் கிடந்தபோதுகூட அவள் முதுகு நிமிரவில்லை. அதைப் பார்த்து வளர்ந்ததால் துடைப்பத்தின் மேல் அவருக்குத் தீராத பகை. வயரிங் கற்றுக்கொண்டவர் மிக்ஸி, ஃபேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மிஷினைக் கட்டிக்கொண்டு அழுததற்கு அதுதான் காரணம் என்பார். பெண்டாட்டி வீரலட்சுமியோ, ஊரில் வேறு யாரும் செய்யாத வேலை என்பதுதான் காரணம் என்பாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

போன சித்திரையில் பக்கத்திலிருக்கிற சேர்லாயிலிருந்து ஸ்வர்ணலதா மாமி கடைக்கு வந்தாள். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பம். வீட்டில் அடிக்கடி ஹோமம் நடக்கும். ஹோமச் சாம்பலைக் காலால் மிதிக்கக் கூடாது, தரை பெருக்குகிற துடைப்பத்தாலும் தொடக் கூடாது; ஒவ்வொரு தடவையும் குனிந்து கையால் வாரி வாரி இடுப்பு ஒடிகிறது, இந்த மிஷின் இழுக்குமா என்று கேட்டாள். நல்லசிவம் சாமி படத்துக்குக் கீழே கிடந்த ஊதுபத்திச் சாம்பலை இழுத்துக் காட்டினார். ஆறின சாம்பலாக இருந்தால்தான் என்று ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் மாமி யோசிப்பாள், யோசித்தால் போய்விடுவாள். வார்த்தையை விழுங்கினார்.

தெரியாமல் விழுங்கவில்லை. கலூரில் ஒருவர் சிகரெட் துண்டை இழுத்துவிட்ட மிஷினை அவரே பிரித்துப் பார்த்திருக்கிறார். கொல்லன் துருத்தி மாதிரி காற்று போய்ப் போய், ஒரு பொறி பை முழுக்கப் பரவியிருந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் அரைமணி நேரம் உள்ளே கனன்றுகொண்டே இருந்ததாம். அது தெரிந்தும் சொல்லவில்லை. அதோடு நிற்கவுமில்லை. மாமியிடம் பலித்த வசனம் ஆயிற்றே, அதற்குப் பிறகு ஹோமம் நடக்கிற எட்டு வீடுகளில் இதையே சொல்லி எட்டு மிஷின் விற்றார்.

சிங்க மாதம் ஒன்றாம் தேதி. மலையாள வருஷப் பிறப்பு என்று வீட்டுக்கு வீடு கணபதி ஹோமம். பதினொரு மணிக்குக் கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ஸ்வர்ணலதா மாமியின் போன் வந்தது. மகள் ஸுப்ரியாவுக்குப் பெண் பிறந்து பதினோராம் நாளும் அன்றைக்கே அமைந்ததால் ஹோமத்தையும் புண்யாகத்தையும் சேர்த்து நடத்தினார்களாம்.

"சாம்பலை ஒரு பொட்டு பாக்கி வெக்காம இழுத்துடுத்து, கேட்டேளா. லேசா ஒரு வாடை வந்தது. அணைச்சு ஸுப்ரியா ரூம் அலமாரியில வெச்சிருக்கேன். பை எப்போ மாத்தணும்?"

ஹோமம் எப்போது முடிந்தது என்று நல்லசிவம் கேட்டார். இப்போதுதான், இன்னும் அரைமணிகூட ஆகவில்லை, இலை போட்டாச்சு, அப்புறம் பேசுகிறேன் என்று மாமி வைத்துவிட்டாள். அவர் திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். பந்தி நடக்கிற வீட்டில் போனை யார் எடுப்பார்கள்?

வறட்டிக் கங்கு சாம்பலுக்கு அடியில் மணிக்கணக்காக உயிரோடு இருக்கும். அது இப்போது காகிதப் பைக்குள் இருக்கிறது. பை மிஷினுக்குள். மிஷின் மர அலமாரிக்குள். அந்த அறையில் பதினொரு நாள் குழந்தை. நல்லசிவம் கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

சந்து முனையில் மிளகு லாரி ஒன்று குறுக்கே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தார், கத்தினார். சுமடு எடுப்பவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார்கள். தீயணைப்புக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. ஒன்றுமில்லை என்றாகிவிட்டால் ஊர் சிரிக்குமே என்றும் தோன்றியது. அந்த நேரத்திலும் தன் பேரைப் பற்றி நினைத்தோமே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு லாரிக்கும் சுவருக்கும் இடையே புகுந்து ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் ஓடுகிற ஓட்டமா அது!

வாசலிலேயே புகை வாடை. ஆனால் யாரும் பதறவில்லை. ஹோமம் நடந்த வீட்டில் புகை வாடை வரத்தானே செய்யும் என்று எல்லோரும் பாயசத்தில் இருந்தார்கள். செருப்புக்காலோடு கூடத்துக்குள் நுழைந்தவரை மாமியின் கணவர் வாஞ்சிநாதன் மறித்தார். நல்லசிவம் அவரைத் தள்ளிக்கொண்டு, எந்த ரூம் என்று கேட்டார். மாமி குழப்பத்தோடு கை காட்டினாள். ஹோமப்புகை குழந்தைக்கு ஆகாது என்று அந்த அறையின் கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்தி வைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அறைந்தது. கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. கட்டிலைத் தடவினார். ஸுப்ரியாவின் கை தட்டுப்பட்டது. உலுக்கினார், முனகினாள். அவளுக்குப் பக்கத்தில் துணிப்பொதி மாதிரி குழந்தை. அள்ளினார். அது அழவில்லை. அசையக்கூட இல்லை.

வெளியே ஓடிவந்து அதை மாமியின் கையில் போட்டார். வாஞ்சிநாதன் உள்ளே போய் மகளை இழுத்து வந்தார். நல்லசிவம் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மறுபடி நுழைந்து மிஷினை இழுத்தார். பிளாஸ்டிக் உருகி உள்ளங்கையில் ஒட்டியது. முற்றத்தில் எறிந்ததும் மூடி தெறித்து, காற்றுப் பட்டு, குப்பென்று பற்றிக்கொண்டது.

மாமி குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நல்லசிவம் எத்தனையோ சாமியைக் கும்பிட்டவர். ஒரு பேரும் வாயில் வரவில்லை. அப்புறம் குழந்தை இருமியது. இன்னொரு தடவை இருமி, பெரிதாக அழுதது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாமி அவர் காலில் விழாத குறை. "தெய்வமாக்கும் உங்களை அனுப்பித்து" என்றாள். வாஞ்சிநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படித் தெரிந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பேசாமல் இருந்திருக்கலாம். ஊரே கொண்டாடியிருக்கும்.

"சாம்பல இழுக்கும்னு மாமிகிட்ட சொன்னது நான்தான். ஆறின சாம்பல்னு சொல்லல. தெரிஞ்சுதான் சொல்லல."

வாஞ்சிநாதனின் பிடி தளர்ந்தது. சுவரில் சாய்ந்திருந்த ஸுப்ரியா, மாமியிடமிருந்து வாங்கியிருந்த குழந்தையை நல்லசிவம் நின்ற பக்கத்துத் தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர் வெளியே வந்தார். வெந்த கையால் போனைப் பிடிக்க முடியவில்லை, இடது கையால் எடுத்தார். இன்னும் எட்டு வீடு. இன்றைக்குச் சிங்கம் ஒன்று. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். மிஷினைத் தொடாதீர்கள் என்றார். காரணம் கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னார். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், இப்போதுதான் எடுக்கப் போனேன் என்றார்.

ஏழு வீடு முடிந்தது. எட்டாவது வீடு தூரத்தில், திருப்பூணித்துறையில். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நல்லசிவம் ஸ்கூட்டரைப் போட்ட இடத்துக்கு மறுபடி ஓட ஆரம்பித்தார்.