வலமாகப் போட்ட பாதை

என் தம்பிக்கு ஐம்பது வயது முடிந்த கையோடு ஒரு பைத்தியம் பிடித்தது. பிரான்சின் தெற்கில், மத்தியதரைக் கடலுக்கு மேலேயுள்ள மலைகளில், சிவப்புப் பாறையைப் பிளந்துகொண்டு ஓர் ஆறு ஓடுகிறது. அந்த மலையிடுக்கின் விளிம்போடு ஒரு ரோட்டு. அதில் சைக்கிளில் போக வேண்டும். யாரோ ஓடிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஃபோன் எடுத்தான்.

"அக்கா, இதை நான் என்ர கண்ணால பாக்கோணும். வாற சமர் லீவுக்கே போவம்."

ஏன் இவ்வளவு அவசரம் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கால் துறுதுறுத்தது.

நாங்கள் இங்கே கனடாவில் சில வருடங்களாக ஞாயிறு காலைகளில் ஒன்றாகச் சைக்கிள் ஓடுகிறவர்கள். அவன் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போய்விட்டான், நான் இன்னும் ஸ்காபரோவில். அவன் தெற்கே வருவான், நான் வடக்கே போவேன், நடுவில் ஒரு டோனட் கடையில் சந்திப்போம். ஐம்பத்தைந்து வயதுப் பொம்பிளை இறுக்கமான அரைக் காற்சட்டையோடும் தலைக்கவசத்தோடும் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த பிளாசாவைத் தாண்டிப் போனால் ஊர் சும்மா இருக்குமா? கோயிலில் ஓர் அன்ரி கேட்டே விட்டார். "இந்த வயசில உது தேவையோ பிள்ளை?" இந்த வயசிலும் இல்லாவிட்டால் எப்போது அன்ரி என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் எனக்குப் பிரசாதம் நீட்டும்போது முகத்தைப் பார்ப்பதில்லை.

திட்டம் போடுவது சனிக்கிழமைப் பின்னேரங்களில், எங்கள் வீட்டு ரிவித் திரையில். இணைய வரைபடத்தைப் பெரிதாக்கி, ரோட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, சோபாவில் இருந்தபடியே மலை ஏறினோம். என் கணவர் தேத்தண்ணி கொண்டு வந்து வைப்பார், இரண்டு பேருக்கும் விசர் என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு மூலையில் இருந்து பார்ப்பார்.

பாதையைப் போட்டது நான். கீழே ஆற்றங்கரைச் சிறு பட்டினத்தில் தொடங்கி, மேற்கே போய், சிவப்பு மலையிடுக்கு வழியாக வடக்கே ஏறி, உச்சியில் ஒரு கணவாயைக் குறுக்கே கடந்து, கிழக்கே இருக்கிற இன்னொரு மலையிடுக்கால் இறங்கித் திரும்பவும் பட்டினம். ஒரு முழுச் சுற்று. யோசித்துப் போட்டதில்லை, விரல் தானாகவே அப்படிப் போனது. ஒரு நாள் முழுக்க எடுக்கும், தொடை கழன்றுவிடும். அதற்காகவே எங்கள் பக்கத்துப் பிரிம்லி ரோட்டின் அடிமுனையில், ஏரிக்கரையிலிருந்து மேலே வருகிற அந்தச் செங்குத்து ஏற்றத்தில் இரண்டு பேரும் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பழகினோம். கார்க்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

எல்லாம் சரியாக வந்த நேரத்தில் தம்பி குழப்பத் தொடங்கினான். ஒரு சனிக்கிழமை வந்து, சிவப்பு மலையிடுக்கை விட்டுவிட்டு வேறு மலையால் சுற்றிப் போவோம் என்றான்.

"ஏன்டா?"

"அந்தப் பக்கத்தில மாமி இருக்கிறா. மத்தியானம் அங்க சாப்பிட்டிட்டுப் போகலாம்."

அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருவர் அந்தப் பக்கத்து மலை ஊர் ஒன்றில் இருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். எங்கள் ஆட்களிடம் இதற்கு எதிர்வாதமே கிடையாது. ஒரு நாட்டுக்குப் போய், அங்கே இருக்கிற சொந்தக்காரர் வீட்டு வாசலைத் தாண்டிப் போனோம் என்றால், செய்தி எங்களுக்கு முன்னமே கனடாவுக்கு வந்து சேர்ந்துவிடும். அடுத்த பத்துக் கலியாண வீட்டில் அதைத்தான் கேட்பார்கள். அதனால் அவனுக்கு முன்னால் தலையாட்டினேன். எதைப் பார்க்கவென்று துடித்தானோ, அதையே ஒரு கோப்பைச் சோற்றுக்காக விடுகிறானே என்று அவன் போன பிறகு கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் மாமிக்கே ஃபோன் எடுத்தேன். இந்த முறை வர முடியாது, குறை நினைக்க வேண்டாம் என்று நயமாகச் சொல்லிவிட்டால் வழி திறந்துவிடும் என்பது என் கணக்கு.

"எங்க வரப்போறியள்?" என்றார் மாமி. "நான் இப்ப பாரிஸில மகளோட எல்லோ இருக்கிறன். அந்த வீட்டை எப்பவோ வித்தாச்சு. தீபாவளிக்குத் தம்பி கதைக்கேக்க அவனிட்டைச் சொன்னனானே."

ஃபோனை வைத்தேன். முதலில் கோபம்தான் வந்தது, எனக்கு எப்போதும் அதுதான் முன்னுக்கு ஓடிவரும். என்னிடமே பொய்யா? பிறகு அவனுடைய பாதையை ரிவியில் போட்டு என்னுடையதோடு வைத்துப் பார்த்தேன். களைப்புக்குப் பயந்து மாற்றியிருப்பான் என்றால், அவன் போட்ட பாதையில் ஏற்றம் இன்னும் கூட. தூரமும் கூட. என் பாதையில் இருந்து அவன் பாதையில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். சிவப்பு மலையிடுக்கில் ஏறுகிற ரோட்டு, பாறையைக் குடைந்த சுரங்கங்களுக்குள்ளால் போகிறது. ஒன்று விட்டால் அடுத்தது, விளக்கில்லாத சுரங்கங்கள்.

அப்போது நினைவு வந்தது. ஞாயிறுகளில் பெருந்தெருவுக்குக் கீழே போகிற பாதையில், பாலத்தின் இருட்டுக்கு முன்னால், அவன் கொஞ்ச நாளாகச் சைக்கிளை விட்டு இறங்குகிறான். ஒரு முறை சப்பாத்து நாடா என்றான், ஒரு முறை செயின் என்றான். பேய்க்குப் பயமோ என்று நான் நக்கலடித்தேன். மிசிசாகாவில் வேலை முடிந்து இருட்டினால் இப்போதெல்லாம் அவனுடைய மனைவிதான் போய் ஏற்றி வருகிறாள். குளிருக்கு இருக்கைகூடச் சூடாக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய காரை ஏன் மனைவியிடம் விட்டான் என்று யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு டோனட் கடையில் கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டு நேரே கேட்டேன்.

"கண்ணோ?"

கோப்பி மூடியைத் திறந்து மூடினான்.

"ஓம் அக்கா. வெயிலுக்கால இருட்டுக்குள்ள போனா ஒண்டும் தெரியாது. ஒரேயடியாக் கறுப்பு. ரண்டு பக்கக் கரையில தெரியிறதும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது. பகல் வெளிச்சத்தில இப்ப ஓடலாம், டொக்டர் ஓம் எண்டவர். ஆனா பார்வை குறைஞ்சு கொண்டுதான் போகுமாம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ சைக்கிளையே பூட்டி வைச்சிருப்பாய்."

உண்மைதான். பூட்டித்தான் வைத்திருப்பேன். பூட்டின் திறப்பை என் கைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்திருப்பேன்.

"மற்ற மலையும் வடிவுதான், விடு," என்றான். என்னைத் தேற்றுகிறான் என்று விளங்கியதும் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் போயிற்று. கவலை அவனுடையது, தேற்றுகிறவனும் அவனா? வீடு வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினேன். தலைக்கவசத்துக்குக் கீழே வடிவது வியர்வை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

அந்தக் கிழமை முழுக்க வேலைக்குப் போய் வந்தால் ரிவிதான். சுரங்கம் சுரங்கமாகத் தட்டிப் பார்த்தேன். எவ்வளவு நீளம், சைக்கிளில் லைற் பூட்டினால் போதுமா, நான் முன்னால் போய்ப் பேசிக்கொண்டே இருந்தால் சமாளிப்பானா என்று மூளையைப் போட்டுக் கசக்கினேன். ஒரு சுரங்கத்தின் வாயில் கை தவறிப் படம் மற்றப் பக்கம் திரும்பியது. இன்னொரு ரோட்டு தெரிந்தது. தட்டினேன். வானம், சிவப்புப் பாறை, கீழே பாதாளத்தில் ஆறு. இன்னும் தட்டினேன். அடுத்த சுரங்கத்திலும் அதே கதை. மேலே ஏறுகிற வாகனங்களுக்குத்தான் சுரங்கம். கீழே இறங்குகிறவர்களுக்கு வெளியால், மலையின் விளிம்போடு, வெட்டவெளியில் தனி ரோட்டு. கிழக்கு மலையிடுக்கையும் விடாமல் பார்த்தேன். அங்கே சுரங்கங்களுக்குப் பக்கத்தில் பழைய ரோட்டை நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்குமென்று விட்டிருந்தார்கள்.

தலையில் அடித்துக்கொண்டேன். நான் பாதையை வலமாகப் போட்டிருக்கிறேன்! கோயிலைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த விரல், பிரான்ஸ் மலையையும் வலமாகவே சுற்றியிருக்கிறது. தம்பி கோயிலுக்குப் போவதே தேருக்கு மட்டும்தான், அவனுக்கும் மாற்றிச் சுற்றலாம் என்று தோன்றவில்லை. சுற்று என்றால் ஒரு பக்கம்தான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே எவ்வளவு உறுதி!

சனிக்கிழமை அவன் வந்ததும் ரிவியில் படத்தைப் போட்டேன். கிழக்கால் ஏறி, கணவாயைக் கடந்து, சிவப்பு மலையிடுக்கால் இறங்கினேன். முதலாவது சுரங்கம் வந்தது. அதன் வெளிப்பக்கத்தால் போனேன். அடுத்தது வந்தது. அதற்கும் வெளியால்.

அவன் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டான்.

"இதென்ன, இடப்பக்கமாச் சுத்துறாய்?"

"கோயிலே இது?"

என் கணவர் மூலையில் இருந்து சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, தானே தட்டினான். ஒரு வளைவில் நிறுத்தி, எழும்பிப் போய் ரிவிக்குக் கிட்ட நின்றான். தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, படத்தின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரை வரைக்கும் பார்த்தான். கொஞ்ச நாளாக எல்லாவற்றையும் அவன் அப்படித்தான் பார்த்துவந்திருக்கிறான், நான்தான் கவனிக்கவில்லை.

"இறக்கம் எண்டு பறந்திடாத, அக்கா," என்றான் திரும்பாமலே. "நான் மெல்ல மெல்லத்தான் வருவன். எல்லாத்தையும் பாத்து முடிக்கோணும்."