சில்லறைக்குப் பதில் இரண்டு உருண்டை

நான் கஞ்சா விற்றிருக்கிறேன். இப்படிப் பட்டென்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. "மருந்துன்னு சொல்லேன், வாயா வலிக்கும்?" என்பார். மருந்து என்றுதான் உறையிலும் அச்சடித்திருந்தது. அச்சில் இருந்ததை நம்பித்தான் நானும் கெட்டேன்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள் நான். அவருக்கு ஃபவுண்டரியில் வேலை. எனக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க ஆகாது. பாகலூர் ரோட்டில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றின் வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை போட்டேன். டீ, பன், வாழைப்பழம், பீடி, ஷாம்பு பாக்கெட். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. என் வாய்க்குப் பயந்து கடன் கேட்பவர்கள்கூட அடுத்த கடைக்குப் போவார்கள்.

அந்த மருந்து உருண்டை வருவதற்கு முன்பும் அந்த ரோட்டில் கஞ்சா உண்டு. வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கர்நாடக எல்லை தாண்டிப் போவார்கள். நாலு பேருக்காக ஒருத்தன் போவான். என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல் டவுசர் பைக்குள் திணித்துக்கொண்டு வருவான். விலை பேச மாட்டான். வாங்கி வந்ததை நாலு பேரும் சிக்கனமாக ஒரு வாரம் வைத்துக்கொள்வார்கள். அதில் ஒருத்தன் என் கடைப் பக்கம் ஒதுங்கினாலும் நான் வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றுவேன். நிஜமாகவே ஒருமுறை ஊற்றியிருக்கிறேன்.

பிறகு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சேல்ஸ்மேன் ஒருத்தர் மொபெட்டில் வந்தார். சீரக மிட்டாய், ஊறுகாய் பாக்கெட்டுகளோடு கறுப்பு உருண்டைச் சரம் ஒன்றையும் எடுத்து நீட்டினார். பளபளவென்று உறை, கன்னடத்திலும் ஹிந்தியிலும் எழுத்து, கீழே லைசென்ஸ் நம்பர்.

"தகொள்ளி, வாங்கிக்குங்க அக்கா. ஜீரணத்துக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது."

"உள்ள என்ன இருக்கு, அதச் சொல்லும்."

"அந்த எலைதான் அக்கா. ஆனா மருந்தா செஞ்சா கேஸ் இல்ல. பில் தர்றேன், வெச்சுக்குங்க."

பில் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வாங்கி மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு ஜாடியில் போட்டு வைத்தேன். ஒன்று ஒரு ரூபாய்.

அதற்குப் பிறகு நான் பார்த்த வேடிக்கையை என்னவென்று சொல்ல! சைக்கிளில் போனவர்கள் எல்லாரும் என் கடைக்கு வந்தார்கள். வாய் பேசாமல் வாங்கியவர்களுக்கு இப்போது வாய் முளைத்துவிட்டது. "புது ஸ்டாக்கா?" என்றார்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தார்கள். போன தடவை உருண்டை சின்னதாக இருந்தது என்று சண்டைக்கு வந்தார்கள். நாலு பேருக்கு ஒன்றாக வாங்கியவர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள். அதுவரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆட்களும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் சூப்பர்வைசர், நெற்றியில் விபூதியோடு நின்று, "வயித்துக்குத்தாம்மா" என்று சொல்லி வாங்கிப் போவார். வாழைப்பழம் வாங்க வந்தவர் ஜாடியைப் பார்த்துவிட்டு அதிலும் ஒன்று கேட்பார். ஒளித்து வைத்திருந்தால் தேடி வருபவன்தான் வாங்குவான். கண்முன் வைத்தால் தேடாதவனும் வாங்குகிறான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஜாடி காலியாகிற வேகத்தில் தெரிந்துகொண்டேன்.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருந்தேன். பெண் பிள்ளைகளுக்கு விற்பதில்லை. ஒரு பெண் வந்து கேட்டு நான் கொடுத்தது கிடையாது.

ஆனால் அப்போது சில்லறைத் தட்டுப்பாடு. ஒரு ரூபாய்க் காசு கண்ணிலேயே படாது. எல்லாப் பெட்டிக்கடையிலும் மீதிக்கு மிட்டாய்தான். என் கை மிட்டாய் ஜாடிக்குள் போய்க்கொண்டிருந்தது. மிட்டாய் தீர்ந்தால் பக்கத்து ஜாடி. அதுவும் ஒரு ரூபாய், இதுவும் ஒரு ரூபாய். முதலில் ஆம்பளைகளுக்குத்தான் அப்படிக் கொடுத்தேன். பிறகு கூட்ட நேரத்தில் யார் என்ன என்று பார்க்கவில்லை.

கம்பெனிக்குள் பாதிக்கு மேல் பெண்கள். அதில் ஒருத்தி காவேரிப்பட்டினத்துப் பக்கம். டிரெய்னியாகச் சேர்ந்தவள். காலையில் பன்னும் டீயும் என் கடையில்தான். "ஒரு வருசத்துல பெர்மனென்ட் ஆனா வேலைக்குப் போ, இல்லேன்னா மாப்பிள்ள பாத்துடுவேன்னு அப்பா சொல்லியிருக்காருக்கா" என்பாள். பத்து மாசம் முடிந்திருந்தது. மிச்சமிருந்த இரண்டு மாசத்தை நாள் நாளாகச் சொல்வாள். சீக்கிரம் தின்னு போ, லேட்டானா அதுக்கும் சம்பளத்துல கழிப்பான் என்று நான் விரட்டுவேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பெனி வாட்ச்மேன் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"ஏம்மா, அந்தக் காவேரிப்பட்டினத்துப் பொண்ணுக்கு நீ மருந்து உருண்டை குடுத்தியா? லைன்ல நின்னவ திடீர்னு சிரிக்கிறா, அழுவுறா, கையெல்லாம் நடுங்குது. லைனையே நிறுத்திட்டாங்க. டாக்டர் பாத்துட்டு ஏதோ போதை வஸ்து தின்னுருக்கான்றார். அவ, கடைக்கார அக்கா குடுத்தாங்கன்றா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நானா? பொம்பளப் பிள்ளைக்கு இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு வித்திருப்பேனா? என் கடையை எதுக்கு இழுக்கா? சாமி சத்தியமா நான் விக்கல. போய்ச் சொல்லும்."

அவர் போய்ச் சொன்னார். நான் பொய் சொல்லவில்லை. விற்றதை மட்டும்தான் நான் யோசித்தேன். மீதிச் சில்லறை எனக்கு விற்பனையாகவே தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பையோடு வந்து நின்றாள். வேலையை விடுவதாக எழுதி வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் கடையை இழுத்தாளே என்ற கோபம் எனக்கு. முகத்தைப் பார்க்காமல் என்ன வேணும் என்று கேட்டேன். பிஸ்கட் பாக்கெட் கேட்டாள். பத்து ரூபாய் கொடுத்தாள். மீதி ஒரு ரூபாய்க்கு என் கை தன்பாட்டில் ஜாடிக்குள் போய், எடுத்து, அவள் முன்னால் வைத்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுதான்க்கா. அன்னிக்கும் பன்னு வாங்கினப்ப இதான் குடுத்தீங்க. ரெண்டு. சீரக மிட்டாய்னு நெனச்சேன். காலைல வேற ஒண்ணும் சாப்பிடல."

உருண்டையைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வெளிய சொன்னா கம்பெனிக்காரன் மறுநாளே கடையைத் தூக்கிருவான். வாயை மூடிட்டுச் சும்மா கெட" என்றார். ஊரையே ஏசும் வாய் எனக்கு. அந்த ஒரு வாரம் மூடிக்கொண்டுதான் கிடந்தேன். பயம்தான். வேறு என்ன சொல்ல? அடுத்த வெள்ளிக்கிழமை அவளோடு ரூமில் இருந்த பெண்களே என் கடையில் டீ குடித்துக்கொண்டு, அவளுக்கு ரொம்ப நாளாகவே அந்தப் பழக்கமாம் என்று பேசினார்கள். என்னிடமே வந்து, "உங்க கடையாண்டதானேக்கா எப்பவும் நிப்பா, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்கள். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு ஜாடியை எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனேன். ஆளெடுக்கும் அதிகாரி உருண்டையைத் திருப்பி லைசென்ஸ் நம்பரைப் படித்தார்.

"இது சட்டப்படி விக்கிறதுதானேம்மா. உங்க மேல என்ன கேஸ் குடுக்கறது?"

"கேஸ் குடுங்க, கடையை எடுங்க, என்னமும் செய்யுங்க சார். அந்தப் பிள்ள தெரியாமத் தின்னுச்சு. நான் தெரியாமக் குடுத்தேன். அதுக்கு வேலையத் திருப்பிக் குடுங்க."

அவர் உருண்டையை மேஜைமேல் வைத்தார். "அவ மூணு நாளா இதத்தாம்மா சொன்னா. நீங்க சத்தியம் பண்ணினதாலதான் நாங்க அவள நம்பல" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "எழுதிக் குடுங்க. திங்கக்கிழமைக்குள்ள அவ வந்தா எடுத்துக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். ஜாடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த தடவை வந்த சேல்ஸ்மேனிடம் இனிமேல் அந்தச் சரத்தை நீட்டாதீர் என்று சொல்லிவிட்டேன். "சட்டமே ஒத்துக்குது, உங்களுக்கு என்ன அக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த கடைக்குப் போனார். என் வாடிக்கைக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். விபூதி சூப்பர்வைசர் வாழைப்பழத்தையும் அங்கேயே வாங்க ஆரம்பித்தார்.

எழுதிக் கொடுத்த மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகிரி போய், பஸ் மாறி, காவேரிப்பட்டினத்தில் இறங்கி, ஆட்டோவில் அவள் ஊருக்குப் போனேன். அவள் அப்பா மாந்தோப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் இறுகியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, சில்லறை, செய்த சத்தியம், பயந்து கிடந்த ஒரு வாரம், எதையும் விடவில்லை. நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றும் சொன்னேன்.

அந்த மனுஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம் பொண்ணு அப்பிடிப்பட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா ஊரு பேசுச்சு. பேச்சு பெருசாவறதுக்குள்ள முடிச்சுடணும்னு, முந்தாநேத்து வெள்ளிக்கிழமை பூ வெச்சுட்டோம். மாப்பிள்ள வூட்ல வேலைக்கு அனுப்ப மாட்டாங்கோ." உள்ளே பார்த்து எனக்குக் காபி கொண்டு வரச் சொன்னார். "ஆனி மாசம் கல்யாணம். இவ்ளோ தூரம் வந்து சொன்னீங்க. நீங்க அவசியம் வரணும்."

காபியைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை.

ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் அவள் கூட வந்தாள். தலையில் முந்தாநாள் பூ வாடியிருந்தது. வழி முழுக்க நான் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன். நல்ல இடமா, மாப்பிள்ளை என்ன பண்ணுகிறார் என்றெல்லாம் கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஆட்டோ வந்ததும் என் பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

"நீங்க வந்து சொன்னதுல அப்பாவுக்கு நிம்மதிக்கா," என்றாள். "உங்களுக்கும் இனிமே நிம்மதிதானே?"