சன்னலுக்கு மேலே அக்கா

ரம்பம் மரச்சட்டத்தில் பாதி இறங்கியிருந்தபோது சுவர் ஒரு சத்தம் போட்டது. வாணலியில் கடுகு வெடிப்பதுபோலச் சின்னச் சத்தம்தான். ஆனால் சன்னல்காரனின் கை அப்படியே நின்றுவிட்டது.

"தையலம்மா, மிஷினை விட்டு எழுந்திரிங்க."

"இந்தச் சட்டைக் கையை மட்டும் மூட்டிட்டு..."

"எழுந்திரிங்கன்னா எழுந்திரிங்க!"

அவள் எழுந்தாள். கணவன் கண்ணை மூடிய பிறகு அந்தச் சன்னல் வெளிச்சத்தில் தைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பியவள் அவள். சன்னலையும் ஒரு நோயாளியைப் போலத்தான் கவனித்து வந்தாள். மழை பெய்து கதவு ஊறிக்கொண்டால் விளிம்பில் மெழுகு தேய்ப்பாள். கீலுக்கு எண்ணெய் விடுவாள். இடுக்கில் குளிர் நுழைந்தால் வெட்டி மிஞ்சிய துணியைத் திணிப்பாள். கடைசியில் கறையான் வென்றது. திறக்க முடியாத சன்னலுக்கு முன்னால் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண் கலங்கிய அன்றுதான் புதிது போட முடிவு செய்தாள்.

"தள்ளுற சன்னல் வேணாம்பா. அது எப்பவும் பாதிதான் திறக்கும். எனக்கு முழுசாத் திறக்கணும். வெளிச்சத்துல கஞ்சத்தனம் பண்ணினா என் பொழைப்பு ஓடாது" என்று சொல்லித்தான் வாங்கினாள். வெள்ளைச் சட்டமும் தெளிந்த கண்ணாடியுமாய் அது வாசலில் சாய்ந்திருந்தது.

சன்னல்காரன் விரிசலில் விரலை வைத்துப் பார்த்தான். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் டீ டம்ளரைக்கூட மேசையில் வைக்கமாட்டான் என்று தெருவே கேலி செய்யும் ஆள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"சன்னலுக்கு மேல காங்கிரீட்டே இல்ல. செங்கல்லை நேரா மரத்து மேல அடுக்கியிருக்காங்க. இத்தனை வருஷமா இந்தச் சட்டம்தான் சுவரைத் தாங்கிட்டு இருந்திருக்கு. நான் பாட்டுக்கு அறுத்துட்டேன். பூச்சைத் தட்டிப் பாத்திருக்கணும், என் தப்புதான்." ஒரு பலகையை எடுத்து அவசரமாக முட்டுக் கொடுத்தான். மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டு இரும்பு முட்டு கொண்டுவரச் சொன்னான். "அது வர்ற வரைக்கும் வீட்டுல ஈ காக்கா இருக்கக் கூடாது. மேல யாரு?"

மேலே யார்! அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் கல்லாக விழுந்தது.

மேலே அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தன் குடும்பம் என்று எதுவும் அமையாதவள். அம்மா போன பிறகு கீழ்வீடு தங்கைக்கு, மேல்வீடு அக்காவுக்கு. ஒருநாள் ஏதோ ஒரு சின்னத் தகராறில், "வீட்டை விட்டு வெளியே போ!" என்று தங்கை கத்திவிட்டாள். அதன் பிறகு ஆறு வருடங்களாக அக்கா வெளிப்படியில் ஏறுகிறாள், இறங்குகிறாள். கீழ்வீட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்பியதில்லை.

தையலம்மா படியேறி ஓடினாள். கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"நான்தான்னா? அந்தப் பேருல எனக்கு யாரையும் தெரியாது."

"அக்கா, சுவர் விரிஞ்சிருக்கு. வெளியே வந்துடு."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. அழுகையைவிட மோசமான சிரிப்பு.

"ஓஹோ. வாயால சொல்லி நான் போகலன்னு இப்ப ரம்பத்தை எடுத்துட்டியா? கேட்டுச்சு, கேட்டுச்சு. காலையிலேருந்து அறுக்குற சத்தம் கேட்டுச்சு."

"சத்தியமா அப்படி இல்லக்கா! என்னை மன்னிச்சிடு. அன்னைக்குச் சொன்னது தப்பு."

"சுவர் விழப்போகுதுன்னா மன்னிப்பு வருது. சுவர் நல்லா இருந்த ஆறு வருஷமும் அது எங்க போயிருந்துச்சு?"

பின்னால் ஏறி வந்த சன்னல்காரன், "நர்ஸம்மா, உங்க கட்டில் இருக்குற சுவர்தாம்மா அது!" என்று கெஞ்சினான்.

"நீ அவ கூப்பிட்டு வந்த ஆளு. அவ பாட்டைத்தான் பாடுவ. என்னை இங்கேருந்து நாலு பேர் தூக்கிட்டுத்தான் போகணும். போங்க ரெண்டு பேரும்!"

"கதவை உடைச்சிடேன்பா!" என்று அலறினாள் தங்கை.

"உடைச்சா அதிரும்மா. அதிர்ந்தா சுவர் அப்படியே உக்காந்துடும்."

கீழேயிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். இந்த முறை காரை பொலபொலவென்று உதிரவும் செய்தது.

தையலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படியிறங்கினாள். வாசலுக்குப் போகவில்லை. நேராக அறைக்குள் போய், விரிந்த சுவருக்கு அடியில், தன் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க!"

"கிட்ட வராதே. அவ வராம நான் எழுந்திரிக்க மாட்டேன். போய்ச் சொல்லு."

சன்னல்காரன் முற்றத்தில் நின்று அண்ணாந்து தொண்டை கிழியக் கத்தினான். "நர்ஸம்மா! உங்க தங்கச்சி சுவருக்கு அடியிலயே உக்காந்துட்டாங்க! நீங்க வந்தாத்தான் வருவாங்களாம்!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

தன் உயிருக்காகத் திறக்காத கதவு அது! கலைந்த தலையோடு, கைப்பிடிச் சுவரைப் பற்றி நொண்டியபடி அக்கா இறங்கி வந்தாள். தடுத்தவனை ஒரே தள்ளாகத் தள்ளினாள். உள்ளே போனாள். தங்கையின் பின்னலைப் பிடித்து, சின்ன வயதில் குளிப்பாட்ட இழுத்துப் போனதுபோல, தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள்.

இருவரும் தெருவில் கால் வைத்தபோது பலகை நழுவியது. செங்கற்கள் சரிந்து மிஷின்மேல் விழுந்தன. மேலே கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அக்கா தங்கையின் தலையைத் தடவினாள். கையை நீட்டி மடக்கிப் பார்த்தாள். காயம் இல்லை என்று உறுதியானதும் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"செத்துத் தொலைஞ்சிருந்தா? உன் பொண்ணுங்களுக்கு நான் என்னடி பதில் சொல்வேன்?"

"நீ செத்திருந்தா நான் யாருக்குக்கா பதில் சொல்லியிருப்பேன்?"

அக்கா தங்கையின் கையை இறுகப் பிடித்தாள். "ஒரு மாடி ஏறி வர ஆறு வருஷமாடி உனக்கு?"

"நீயும்தான் இறங்கி வரல."

"என் முட்டி படுற பாடு உனக்குத் தெரியுமா?"

"சொன்னாத்தானே தெரியும்?"

"கேட்டாத்தானே சொல்ல?"

இரும்பு முட்டுகளோடு வண்டி வந்து நின்றது. மேஸ்திரி இறங்கி, "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றார். இருவரும் ஓரமாக நகர்ந்தார்கள். பிடித்த கையை விடவில்லை. சண்டையையும் விடவில்லை.