பின் சீட்டுச் சுகம்

அவர் பேருந்து ஓட்டுநர். ஊருக்குள் எந்தப் பேருந்தில் ஏறினாலும் அவரிடம் டிக்கெட் கேட்க ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் விடுமுறை வந்தால் போதும், ஒரு டாக்சியை வரவழைத்து, பின் சீட்டில் சாய்ந்தபடி ஊரைச் சுற்றிவிட்டு வருவார். போகவேண்டிய இடம் என்று ஒன்றும் இருக்காது.

"ஓசியில போறதை விட்டுட்டுக் காசைக் கரியாக்குறீங்களே," என்று மனைவி வாரம் தவறாமல் புலம்புவாள். அப்படி என்னதான் சுகம் என்று பார்க்க ஒருநாள் அவளும் கூட ஏறிக்கொண்டாள்.

சுகத்தைத்தான் காணோம். வழிநெடுக அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. "மெல்லத் திருப்புப்பா, உள்ள இருக்கிறது மனுஷங்களா மூட்டையா?" என்று டாக்சிக்காரரை வறுத்தெடுத்தார். வேகம் குறைந்தால், "இப்படி உருட்டினா எப்போ வீடு போய்ச் சேர்றது?" என்றார்.

வாசலில் இறங்கியபோது கெண்டைக்கால் வலியில் நொண்டினார். முகத்தில் மட்டும் அப்படியொரு திருப்தி.

"காசையும் குடுத்து, வண்டியையும் நீங்களே ஓட்டிட்டு வந்திருக்கீங்க. இதுல என்ன சுகம்?"

"இத்தனை வருஷமா பின்னாலேருந்து திட்டு வாங்குறேன். வாரத்துல ஒரு நாளாவது திட்டுற எடத்துல உக்கார வேண்டாமா?"