நடுப்பச்சைக் கிண்ணம்

என் அண்ணன் வெர்லினைப் போல ஒரு பிடிவாதக்காரனை எங்கள் ஊர் ஈஸ்ட் லிவர்பூல் பார்த்திருக்காது. ஆற்றங்கரைப் பீங்கான் ஆலையில் முப்பது வருஷம் கிண்ணங்களைச் சாயக்குழம்பில் முக்கி எடுத்தவன், ஓய்வு பெற்றதும் அதே கிண்ணங்களைச் சந்தை சந்தையாகத் தேடி வாங்க ஆரம்பித்தான். "செஞ்சப்பவே ஒண்ணொண்ணு எடுத்து வச்சிருந்தா இந்த அலைச்சல் இருக்காதுல்ல?" என்று கேட்டால் முறைப்பான்.

மொத்தம் பதினோரு நிறங்கள். பத்து நிறங்கள் அலமாரிக்கு வந்துவிட்டன, பாக்கி நடுப்பச்சை மட்டும். அதைக் கொஞ்ச காலம்தான் செய்தார்கள். வெளிர்பச்சையோ தடுக்கி விழுந்தால் கிடைக்கும். இரண்டும் ஒரே அச்சு, கண்ணால்தான் பிரிக்க முடியும். அந்தக் கண்தான் வெர்லினுக்குப் போய்க்கொண்டிருந்தது. விழித்திரை கெட்டுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"முழுசா இருட்டறதுக்குள்ள பதினொண்ணும் சேந்துடணும், லவீனா. அது போதும் எனக்கு."

இரண்டு வருஷமாக நான்தான் அவனுக்குக் காரோட்டி, நான்தான் கண். கடைசி நாலு நிறங்களை என் வாய்ச்சொல்லை நம்பித்தான் வாங்கினான்.

மே மாதம், பாலத்துக்கு அந்தப் பக்கம் செஸ்டரில், செத்துப்போன ஒருத்தியின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். வெர்லின் ஒரு அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கிண்ணத்தை எடுத்து வெயிலில் பிடித்தான்.

"பாருடி. நடுப்பச்சைதானே?"

வெளிர்பச்சை. சந்தேகமே இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தேன், என் பாழாய்ப்போன வாய் "ஆமாண்ணே" என்றது. அப்பா செத்தபோதுகூட அழாதவன் காரில் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு.

அக்டோபரில் சேகரிப்பாளர் சங்கக் கூட்டம். செஸ்டர் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் ஆளுக்கொரு மேஜையில் அவரவர் சாமான்களைப் பரப்புவார்கள்.

"கொண்டுபோக வேணாம்ணே, உடைஞ்சிடும்."

"போடி, நீயும் உன் பயமும்."

மக்ரோனி சாலட் தட்டோடு வந்து நின்றான் டுவைட் பாம்ஃப்ரி. பத்து வருஷமாக வெர்லினோடு மல்லுக்கு நிற்பவன். "என்னய்யா வெர்லின், வெளிர்பச்சைய ஜோடியா வச்சிருக்கே! நடுப்பச்சை லீவுல போயிருச்சா?"

நாலு பேர் சிரித்தார்கள். டுவைட்டுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். வெர்லின் என்னைத் தேடித் திரும்பினான், நான் நின்றது அவனுக்கு இடப்பக்கம், அவன் தூணைப் பார்த்து, "லவீனா?" என்றான். நான் அவன் கையைப் பிடித்து, "வீட்டுக்குப் போலாம்ணே" என்றேன்.

வீடு திரும்பும்போது பாலத்தின் மேல்தான் பேசினான்.

"மத்ததெல்லாம்?"

"சத்தியமா மத்ததெல்லாம் சரிண்ணே. அது ஒண்ணுதான். உன் முகத்தப் பாத்து..."

"அன்னிக்கும் இதே குரல்லதானடி சொன்னே."



மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போனேன். பதினொன்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலருகே முகத்தோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றை நீட்டினான்.

"இது?"

"ரோஜா நிறம்ணே. அம்மா மேல சத்தியம்."

"சரிம்மா" என்றான், சிணுங்கும் குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

அது நிஜமாகவே ரோஜா நிறம்தான்.